பெருங்களத்தூர் தாண்டி ஒரு பாலம்

எங்கள் மாமா வேலையிலும் ரயில் ஓட்டுவார், வீட்டுக்கு வந்தும் ரயில் ஓட்டுவார். கடற்கரைக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே மின்சார ரயிலை ஓட்டிவிட்டுப் பெருங்களத்தூர் வீட்டுக்குத் திரும்பியதும், கைகால் கழுவி, காபியோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவார். அதில் ரயில் சிமுலேட்டர் என்று ஒரு விளையாட்டு. பொம்மை ரயில் பாதையை நாமே போட்டு நாமே வண்டி ஓட்டலாம். தாம்பரத்திலிருந்து தெற்கே போகும் பாதையை அவர் பல வருஷமாக அதற்குள் கட்டிக்கொண்டிருந்தார். ஸ்டேஷன் பெயர்ப் பலகை, சிக்னல், ஜி.எஸ்.டி. ரோட்டோரத்துப் புளியமரம் எல்லாம் அதில் இருந்தன. இட்லிக் கடைக்காரர் வீட்டுக்கு வந்தும் மாவு ஆட்டுகிற மாதிரி என்று அத்தை கேலி செய்வார். அம்மா மட்டும் தன் தம்பியை விட்டுக்கொடுக்க மாட்டார்.

எனக்குப் பத்து வயதான வருஷம் மாமா நிஜ ரயில் ஓட்டுவதை நிறுத்திவிட்டார். முதுகுவலி என்று எனக்குச் சொன்னார்கள். நடந்தது வேறு, அது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. பெருங்களத்தூரைத் தாண்டி ஓரிடத்தில், தண்டவாளத்தைக் குறுக்கே கடந்த ஒரு பெண் அவர் ஓட்டிவந்த வண்டியில் அடிபட்டு இறந்துபோயிருந்தார். மாமா ஹாரன் அடித்தார், பிரேக் போட்டார். ஆனால் ஓடுகிற ரயில் நினைத்த இடத்தில் நிற்கிற வஸ்து இல்லை. விசாரித்தவர்கள் அவர்மேல் தப்பில்லை என்று சொல்லிவிட்டார்கள். பாதர் வந்து ஜெபித்துவிட்டுப் போனார். என் அப்பா வந்து, இந்த வேலையில் இதெல்லாம் சகஜம் என்று ஆறுதல் சொல்லி, அதற்காக அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். மாமா எல்லோருக்கும் தலையாட்டினார். வேலைக்கும் போகவில்லை, வாய் திறந்து பேசவும் இல்லை. லீவு முடிந்ததும் வண்டி ஓட்ட வருகிறாரா, அல்லது ஆபீசில் ஒரு நாற்காலி போதுமா என்று மேலிடத்தில் கேட்டிருந்தார்கள். ரயில் ஓட்டாத மாமா என்னவாக மிஞ்சுவார் என்பதுதான் அத்தையின் பயமெல்லாம்.

அப்பாவும் அம்மாவும் ஆசிரியர்கள், விடைத்தாள் திருத்தப் போகிறவர்கள். அதனால் கோடை விடுமுறைக்கு என்னை அங்கே விட்டார்கள், அத்தைக்குத் துணை என்று. முதுகுவலிக்காரர் நாளெல்லாம் நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பது எனக்குக் கொஞ்சம் விசித்திரமாகப் பட்டது. பெரியவர்களின் வியாதி நமக்கென்ன தெரியும் என்று விட்டுவிட்டேன்.

மாமா ஒரு பாலம் தேடிக்கொண்டிருந்தார். தண்டவாளத்துக்கு மேலே ஜனங்கள் படியேறிக் கடக்கிற பாலம். சிமுலேட்டர் பித்துப் பிடித்தவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். அவரவர் செய்த வீட்டையும் மரத்தையும் பாலத்தையும் மற்றவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் போட்டு வைப்பார்கள். நானும் மாமாவும் ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தோம். ஒரு பாலத்தின் கைப்பிடியில் பனி உறைந்திருந்தது. இன்னொன்றை இறக்கினால் கூடவே ஓர் ஓடையும் வாத்துகளும் வந்தன. மே மாத வெயிலில் ஜி.எஸ்.டி. ரோட்டுக்குப் பக்கத்தில் பனியைப் பார்த்து நான் சிரித்தேன். மாமா சிரிக்கவில்லை.

“இது வேணாம் பாப்பா. நம்ம ஜனங்க ஏறுற மாதிரி இருக்கணும்,” என்றார்.

நான் வந்ததிலிருந்து அவர் முழுசாகப் பேசியது அதுதான். சமையலறையிலிருந்த அத்தை கரண்டியோடு கதவருகே வந்து நின்றார்.

எனக்கு ஒரு விஷயம் உறுத்தியது. பாலம் வைக்க அவர் காட்டியது பெருங்களத்தூரைத் தாண்டி ஓரிடம், அங்கே நிஜத்தில் பாலமே கிடையாது. நிஜத்தில் இல்லாத எதுவும் தன் பாதையில் இருக்கக் கூடாது என்பது மாமாவின் சட்டம். பக்கத்தில்தானே வண்டலூர் மிருகக்காட்சிசாலை என்று நான் ஒருமுறை ஆசையாக வைத்த ஒட்டகச்சிவிங்கியை, ரயிலிலிருந்து பார்த்தால் அது தெரியாது என்று ஈவிரக்கமில்லாமல் எடுத்துப் போட்டவர் அவர். அதைச் சொல்லிக் காட்டினேன். அவர் நாமே ஒன்று செய்துவிடலாம் என்று மட்டும் சொன்னார்.

அதற்கு அளவு வேண்டும். தாம்பரம் ஸ்டேஷன் நடைபாலத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று மாமா கிளம்பியபோது அத்தை அவசர அவசரமாகச் சட்டைக்கு இஸ்திரி போட்டார். மாமா வாசல் தாண்டி வெகுநாளாகியிருந்தது. அத்தையின் தையல் டேப்பால் படியின் அகலம், உயரம், கைப்பிடி எல்லாவற்றையும் நான் அளந்தேன். பாலத்தின் மேல் கொய்யாப்பழம் விற்ற அம்மாள் மாமாவை அடையாளம் கண்டுகொண்டு, “இன்னா சார், ஆளையே காணோம்? டூட்டிக்கு வர்றது இல்லியா?” என்று கேட்டார். மாமா கொய்யாப்பழம் வாங்கிக்கொண்டார். கீழே ஒரு வண்டி போனது. கடைசிப் பெட்டி மறையும் வரை கைப்பிடிக் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

பிறகு இருவரும் முழுமூச்சாகப் பாலம் கட்டினோம். கம்பி, தகரக் கூரை, சுவரில் வெற்றிலைக் கறை வரை கொண்டுவந்தோம். முதலில் மின்கம்பி பாலத்தின் தரையை ஊடுருவிக்கொண்டு போனது. அப்புறம் பாலத்தை உயர்த்தினோம். எல்லாம் முடிந்து, அதைத் தூக்கி அவர் சொன்ன இடத்தில் வைத்தபோதுதான் எனக்கு ஒன்று தெரிந்தது. தாம்பரத்தில் படிகள் நடைமேடையில் இறங்கும். நாங்கள் அதை அப்படியே நகலெடுத்திருந்தோம். மாமா சொன்ன இடத்திலோ நடைமேடையே இல்லை.

“மாமா, இதுல இறங்குனா நேரா தண்டவாளத்துலதானே வந்து நிப்பாங்க?” என்றேன்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்த கதைதான். எனக்கு அது சிரிப்பாகக்கூட இருந்தது. மாமா திரையையே பார்த்தார். அத்தனை நாள் வேலையையும் மொத்தமாக அழித்துவிட்டு, எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். மதியம் சாப்பிட வரவில்லை. என்ன சொன்னாய் என்று அத்தை என்னைக் கேட்டார். படியைப் பற்றித்தான் என்று விளக்கினேன். அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒரு படிக்கட்டு தப்பாகப் போனதற்கு இந்த வீட்டில் இவ்வளவு துக்கமா என்று எனக்கு வியப்பாக இருந்தது.

மறுநாள் நான் எழுந்தபோது மாமா மறுபடி கம்ப்யூட்டர் முன்னால் இருந்தார். இந்த முறை பாலம் நீளமாக வளர்ந்தது. ஒரு பக்கம் காலனித் தெருவில் ஏறி, எல்லாத் தண்டவாளங்களையும் தாண்டி, எதிர்ப்பக்கச் சந்தின் வாயில் இறங்கியது.

பாலத்துக்கு ஆள் வேண்டுமே என்று நான் ஒரு கூட்டத்தையே தயாராக வைத்திருந்தேன். ஒருவர் போதும் என்றார் மாமா. விளையாட்டோடு வந்த மனிதர்கள் எல்லோரும் கோட்டும் தொப்பியும் போட்டவர்கள். அதில் ஒரு பெண்ணுக்கு நான் புடவை வரைந்தேன். கரும்பச்சைப் புடவை, கையில் மஞ்சள் துணிப்பை, செருப்பு வேண்டாம் என்று மாமா பக்கத்தில் இருந்து சொல்லிக்கொண்டே வந்தார். நான் வரைந்த பச்சை அவருக்கு ஒத்துவரவில்லை, இன்னும் கருக்க வேண்டும் என்றார். சரியான பச்சை வந்ததும் போதும் என்று கையை உயர்த்தினார்.

அந்தப் பெண்ணைப் படிக்கட்டின் அடியில் வைத்துவிட்டு மாமா வண்டி ஓட்டினார். பாலம் நெருங்கியதும் நிறுத்திவிட்டார். சிமுலேட்டரில் வைத்த மனிதர்கள் நடக்க மாட்டார்கள், வைத்த இடத்திலேயே நிற்பார்கள். மறுநாள் மாமா அந்தப் பெண்ணைச் சில படிகள் மேலே நகர்த்தி வைத்தார். வண்டி ஓட்டினார், பாலத்துக்கு முன்னால் நிறுத்தினார். இப்படியே நாளுக்குக் கொஞ்சமாக அந்தப் பெண் மேலே ஏறினார், நடுப்பாலம் தாண்டினார், எதிர்ப்பக்கப் படிகளில் இறங்கினார். ஒருநாள் காலையில் மாமா அந்தப் பெண்ணைச் சந்துக்குள் ஒரு வீட்டு வாசலருகே கொண்டுபோய் வைத்தார். அன்று ஹாரன் அடித்துக்கொண்டு, நிறுத்தாமல், பாலத்துக்கு அடியில் வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். செங்கல்பட்டு வரை போனார். அவர் கண்ணில் தண்ணீர் வழிந்தது. வெகுநேரம் திரையைப் பார்த்தால் எனக்கும் அப்படி வரும்.

சாப்பிடும்போது, “நாளைக்குப் போய், வண்டியே ஓட்டறேன்னு சொல்லிட்டு வரேன்,” என்றார். அத்தை இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினார்.

சில நாள் இன்னொருவர் துணையோடு ஓட்டிப் பழகியபின் மாமா தனியாக வண்டி எடுத்தார். அன்று அத்தை கூடுவாஞ்சேரிக்குக் காய் வாங்கப் போகலாம் என்று என்னையும் கூட்டிக்கொண்டு பெருங்களத்தூர் ஸ்டேஷனுக்கு வந்தார். வந்த முதல் வண்டியில் ஏறவில்லை. அடுத்ததிலும் ஏறவில்லை. மாமாவின் வண்டி வந்ததும் அவர் கண்ணில் படாமல் தூணுக்குப் பின்னால் நின்றுவிட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு ஓடிப்போய் முதல் பெட்டியில் ஏறினார். டிரைவர் அறைக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு தடுப்புதான். கொஞ்ச தூரத்தில் ஹாரன் நீளமாக ஒலித்தது. எங்கள் பாலம் வரும் இடம். நான் பழக்கத்தில் அண்ணாந்து பார்த்தேன், வெறும் வானம் இருந்தது. அத்தை என் மணிக்கட்டை வலிக்க வலிக்கப் பிடித்திருந்தார். வண்டி ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது.

விடுமுறை முடியும் வரை நாங்கள் அப்படித்தான் போய் வந்தோம். வீட்டில் ஃப்ரிட்ஜ் நிரம்பி, ஏன் இவ்வளவு கத்தரிக்காய் என்று மாமாவே கேட்டார். வீட்டு வாசலிலேயே தள்ளுவண்டியில் கிடைக்கும் காய்க்கு எதற்கு ரயிலேறிப் போக வேண்டும் என்று நானும் யோசித்ததுண்டு. அந்த இடம் நெருங்கும்போதெல்லாம் அத்தை கண்ணை மூடிக்கொள்வார், உதடுகள் மட்டும் விடாமல் அசையும். வாங்க வேண்டிய காய்களை மறந்துவிடாமல் சொல்லிப் பார்க்கிறார் என்று நினைத்து, நான் தொந்தரவு செய்யாமல் இருந்தேன்.