ஐந்தாம் நம்பர் கட்டை

ராசன் அண்ணை, உங்கள் உயிரைக் காப்பாற்றிய கட்டையை நீங்கள் ஹோட்டல்காரனுக்கு ஆட்கள் இருக்கிற வாங்கு செய்யக் கொடுத்துவிட்டீர்கள். தெரியாமல் கொடுக்கவில்லை. தெரிந்துதான் கொடுத்தீர்கள்.

பத்திரிகையில் இதை வாசிக்கிற உங்களுக்கு ராசன் அண்ணையைத் தெரியாது. துறைமுகத்துக்குப் போகிற வீதியில் லொறிகள் திருத்துகிற கராஜ் ஒன்றின் முதலாளி. முன்பு அதே கராஜில் மெக்கானிக்காக இருந்தவர். அப்போது நான் அங்கே உதிரிப்பாகம் வைக்கிற அறையில் வேலை செய்தேன். இப்போது என் மகன் சுதன் அங்கே மெக்கானிக். இருபத்தாறு வயது. இவ்வளவும் தெரிந்தால் போதும், மிச்சத்தை நான் சொல்கிறேன். எனக்கு ஒழுங்காக எழுத வராது. கோபத்தில் எழுதுவதால் முன்னுக்குப் பின்னாகத்தான் வரும்.

போன மாதம் நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் மத்தியானச் சாப்பாடு. நான் இப்போது வேலை செய்கிற ஒப்பீசில் ஒருவர் ஓய்வு பெறுகிறார் என்று கூட்டிக்கொண்டு போனார்கள். சாப்பிட்டுவிட்டுக் கடலைப் பார்த்தபடி ஒரு வாங்கில் போய் இருந்தேன். நல்ல வெயில். எழும்பும்போது சேலை ஒட்டிக்கொண்டது. பார்த்தால் தார். மேலே பளபளவென்று வார்னிஷ் பூசியிருந்தார்கள், ஆனால் வெயில் ஏற ஏற உள்ளே இருந்த தார் கசிந்து வெளியே வந்திருக்கிறது. குனிந்து மணந்தேன். அந்த மணத்தை எனக்குத் தெரியும். சேலை போச்சே என்று கவலைப்பட வேண்டிய நேரத்தில் வாங்கை மணந்துகொண்டு நின்ற என்னைப் பார்த்து, மேசை துடைத்த பெடியன், "என்ன அன்ரி, ஏதும் துலைச்சுப்போட்டீங்களோ?" என்று கேட்டான்.

"உது எங்க எடுத்த மரம் தம்பி?"

"ரவுனுக்குள்ள ஒரு கராஜ்காரர் குடுத்தவராம் அன்ரி. பழைய ரயில் கட்டையாம். வெள்ளைக்காரர் உதில இருந்துதான் போட்டோ எடுக்கிறவை."

வாங்கின் அடிப்பக்கத்தைத் தடவினேன். வார்னிஷுக்குக் கீழே சிவப்புப் பெயின்றில் மங்கலாக ஐந்து என்று ஒரு இலக்கம். அதற்குப் பக்கத்தில் இரண்டு வட்டக் குழி. பல் பதிந்தது போல. என் பெருவிரல் நுனி அதற்குள் சரியாகப் போனது. முன்பும் ஒரு தடவை போயிருக்கிறது.

ரயில் பாதையில் கழித்துவிட்ட, தார் ஊறிய எட்டுச் சிலிப்பர் கட்டைகள் அந்தக் கராஜில் இருந்தன. எல்லாவற்றையும் ஒரே அளவாக அறுத்து, ஒன்றிலிருந்து எட்டுவரை இலக்கம் போட்டு வைத்தவர் சலீம் நானா. கிண்ணியாக்காரர், கராஜின் மூத்த மெக்கானிக். ஜக்கை வைத்து லொறியைத் தூக்கியதும் கட்டைகளை இரண்டு இரண்டாக, நெருப்புக்குச்சி அடுக்குவது போலக் குறுக்கும் நெடுக்குமாக அச்சின் கீழே அடுக்க வேண்டும். அடுக்கி முடியும் வரைக்கும் ஒருவரும் கீழே தலை நீட்டக் கூடாது. யாராவது, "பத்து நிமிச வேலை நானா, கட்டை என்னத்துக்கு?" என்று கேட்டால், "சாகுறதுக்குப் பத்து நிமிசம் தேவையில்ல மகன்" என்பார்.

நான் அங்கே வேலை செய்தது, யுத்தம் நின்று சமாதான காலம் என்று சொன்ன அந்தச் சில வருடங்களில். கடலுக்குப் போகிற கெடுபிடி குறைந்து, மீன் லொறிகள் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. மீன் லொறியைப் போல ஒரு கெட்ட வாகனம் இல்லை. ஐஸ் தண்ணீரும் உப்பும் ஒழுகி ஒழுகி அடிச்சட்டத்தைத் தின்றுவிடும். ஹான்ட் பிரேக் கம்பி துருப்பிடித்துச் செத்துக் கிடக்கும். அதனால் டிரைவர்மார் கியரைப் போட்டபடியே நிறுத்திவிட்டு இறங்கிப் போவார்கள். கராஜ் தரை எந்நேரமும் ஈரம். பூனைகள் ஒரு பக்கம். ஊருக்குள் திரிகிற மான்கள் மற்றப் பக்கம். மான்கள் வந்து சில்லுகளில் காய்ந்திருக்கிற உப்பை நக்கும், துரத்தினாலும் போகாது. நான் வேலை முடிந்து பஸ்ஸில் ஏறினால் டீசலும் மீனும் தாருமாக ஒரு மணம் என்னோடு ஏறும். பக்கத்தில் இருப்பவர்கள் மெல்ல எழும்பிப் போவார்கள். அந்த நாட்களில் நான் ஒருநாளும் நின்றபடி வீடு போனதில்லை.

என் வேலையில் பாதி நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுப்பது. மற்றப் பாதி ஒரு பால்மா டின்னைக் காப்பது. வாகனத்துக்குக் கீழே போகிறவர் முதலில் சாவியைக் கழற்றி என் மேசையில் இருந்த அந்த டின்னுக்குள் போட வேண்டும். பிறகு கீழே படுக்குமுன் கராஜ் முழுவதற்கும் கேட்கக் கத்த வேண்டும்: "ராசன் கீழ!" நான் அறைக்குள் இருந்து திருப்பிக் கத்த வேண்டும்: "ஓம், ராசன் கீழ!" என் பதில் கேட்காவிட்டால் அவர் படுக்கக் கூடாது. போட்டவர் வந்து கேட்டால் மட்டும்தான் சாவி வெளியே வரும். முதலாளியே வந்து கேட்டாலும் ஏலாது.

முதல் கிழமை எனக்குக் கத்த வெட்கம். வாய்க்குள்ளேயே சொல்வேன். ராசன் அண்ணை லொறிக்குப் பக்கத்தில் நின்றபடி, "தங்கச்சி, எனக்குக் கேக்கேல்ல, மானுக்குத்தான் கேட்டிருக்கு" என்று பகிடி பண்ணுவார். பிறகு என் சத்தம் பழகிவிட்டது. வீட்டில் மாமியார், "ஏன் பிள்ளை, நானென்ன செவிடே?" என்று கேட்கிற அளவுக்குப் பழகிவிட்டது.

அடுத்ததை நான் இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. என் கணவருக்குக் கூடத் தெரியாது. இப்போது அச்சில் சொல்கிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். சலீம் நானா ஜும்மாவுக்குப் போய்விட்டார். மற்றவர்கள் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்கள். ராசன் அண்ணை மட்டும் ஒரு மீன் லொறியின் முன்பக்கத்தைத் தூக்கி, கட்டை அடுக்கி, சாவியை டின்னில் போட்டு, கத்திவிட்டுக் கீழே படுத்திருந்தார். லொறியின் டிரைவர் இலங்கைத்துறைப் பக்கத்து ஆள். காலையில் இருந்து வாசலுக்கும் என் மேசைக்குமாக நடந்துகொண்டிருந்தவர் மறுபடியும் வந்தார்.

"தங்கச்சி, சாவியை ஒருக்காத் தாங்கோ. கூலரைக் கொஞ்ச நேரம் ஓட விட வேணும். எஞ்சின் ஓடினாத்தான் அது குளிரும்."

"ஏலாது அண்ணை. ஆள் கீழ கிடக்கு."

"லொறியை எடுக்கப் போறனே? எஞ்சினை மட்டும்தானே ஸ்டார்ட் பண்ணப் போறன். பெட்டிக்குள்ள கிடக்கிறது மீன் பிள்ளை, கல்லில்ல."

அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு இரக்கம் வந்தது. எஞ்சின்தானே என்று நினைத்தேன். அவரே ராசன் அண்ணைக்குச் சொல்லிவிட்டுத்தான் ஏறுவார் என்றும் நினைத்தேன். கொடுத்துவிட்டேன்.

அவர் சொல்லவில்லை. ராசன் அண்ணை கீழே சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார், அவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. டிரைவர் மற்றப் பக்கத்துக் கதவால் ஏறிச் சாவியைத் திருகினார். லொறி கியரில் நின்றது. தரை பின்பக்கம் சரிவு என்பதால் பின்சில்லுகளுக்குப் பின்னால்தான் கல் வைத்திருந்தார்கள், முன்னால் ஒன்றுமில்லை. லொறி ஒரு சாண் முன்னால் பாய்ந்தது. ஜக் சரிந்து தரையில் விழுந்த சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது. உப்பு நக்கிக்கொண்டு நின்ற மான்கள் வீதியைத் தாண்டி ஓடின. லொறியின் முன்பக்கம் முழுவதும் கீழே வந்தது.

கட்டைகளில் வந்து நின்றது.

நான் வெளியே ஓடி வந்தபோது ராசன் அண்ணையின் கால் இரண்டும்தான் தெரிந்தன. அசையவில்லை. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. பிறகு ஒரு கால் மடங்கியது. மெல்ல மெல்ல வெளியே வந்தார். முகமெல்லாம் கிறீஸ். சட்டையின் மேல் பொத்தான் இல்லை. அச்சு அவ்வளவு கிட்ட வந்திருக்கிறது. டிரைவர் படியில் இருந்து அழுதார். நான் வெறும் டின்னைக் கையில் பிடித்தபடி நின்றேன். அதை ஏன் தூக்கிக்கொண்டு ஓடினேன் என்று எனக்கே தெரியாது.

தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அவர் பாதியைச் சட்டையில் சிந்தினார். நான் பாதியை முன்பே நிலத்தில் சிந்தியிருந்தேன். "நான்தான் அண்ணை சாவி குடுத்தனான்" என்றேன். ராசன் அண்ணை என்னை ஏசவில்லை. "மனுசர் பிழை விடுவினம் தங்கச்சி. அதுக்குத்தானே கட்டை போடுறது" என்றார்.

ராசன் அண்ணை, இது உங்கள் வாயால் வந்த கதை. நான் மறக்கவில்லை.

சலீம் நானா பள்ளிவாசலால் தொப்பியோடு வந்தவர் லொறியைப் பார்த்தார், கட்டைகளைப் பார்த்தார். ஐந்தாம் நம்பர் கட்டையில் அச்சின் நட்டு இரண்டும் பதிந்து குழி விழுந்திருந்தது. "விரல வச்சுப் பாரு புள்ள" என்றார். வைத்துப் பார்த்தேன். அதன் பிறகு இரண்டு கிழமை என்னோடு கதையே இல்லை, டின்னையும் அவரே எடுத்துக்கொண்டார். பிறகு ஒருநாள் காலையில் டின்னைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அன்றைக்கு நான் கத்திய பதில் துறைமுகத்தில் நின்ற கப்பலுக்கும் கேட்டிருக்கும்.

நிலாவெளியால் வந்த அடுத்த நாள் நான் கராஜுக்குப் போனேன். உள்ளே ஒரு லொறி, முன்பக்கம் ஜக்கில் நிற்கிறது. ஜக்கைத் தவிர வேறொன்றுமில்லை. கீழே இருந்து இரண்டு கால் நீட்டிக்கொண்டிருந்தன. அந்தச் செருப்பை வாங்கிக் கொடுத்தது நான்தான். கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினால் திடுக்கிட்டு அசைவானோ, அசைந்தால் ஜக் சரியுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் வெளியே வந்தபோது ஒரு காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. சாவி எங்கே என்று கேட்டேன். டிரைவரின் பொக்கற்றில் இருக்குமாம். டிரைவர் சாப்பிடப் போய்விட்டாராம்.

"பத்து நிமிச வேலை அம்மா. எல்லாருக்கும் முன்னால மானத்தை வாங்காதீங்கோ."

ராசன் அண்ணையின் ஒப்பீசில் ஏசி ஓடியது. என்னைக் கதிரையில் இருத்தி, சோடா எடுப்பித்தார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை.

"தங்கச்சி, அந்தக் கட்டையெல்லாம் பழங்காலம். இப்ப ஹைட்ரோலிக் ஜக். அஞ்சு தொன் தூக்கும்."

"தூக்கும். சீல் போனா இறக்கியும் விடும். அப்ப ஆர் பிடிக்கிறது?"

"லொறிக்கு முண்டு குடுக்கிற இரும்புக் கால் ரெண்டு கிடக்குத்தானே."

கிடக்கிறதுதான். வரும்போது பார்த்தேன். இரண்டும் கராஜுக்குப் பின்னால் தண்ணீர்த் தாங்கியைத் தாங்கிக்கொண்டு நின்றன.

"உங்கட மகன் சின்னப்பிள்ளை இல்ல. அவருக்குத் தெரியும்" என்றார்.

"நீங்களும் அண்டைக்குச் சின்னப்பிள்ளை இல்ல. உங்களுக்கும் எல்லாம் தெரியும். நான்தான் சாவி குடுத்தனான்."

அவர் போனை எடுத்துப் பார்க்கத் தொடங்கினார்.

வேலையை விடச் சொல்லி மகனிடம் கேட்டேன். விடமாட்டான். அவனுக்கு அந்த வேலை பிடிக்கும், நல்லாகவும் செய்கிறான். நான் இப்போது ஒப்பீசில் போனை மேசையில் முகம் மேலே தெரிய வைத்துவிட்டு வேலை செய்கிறேன். தெரியாத நம்பர் வந்தால் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன். நேற்று அப்படி எடுத்தபோது யாரோ ஒரு பெண் கடன் அட்டை வேண்டுமா என்று கேட்டாள். அவளை நான் பேசிய பேச்சுக்கு இங்கேயே மன்னிப்புக் கேட்கிறேன்.

சலீம் நானா முழங்கால் ஏலாமல் கிண்ணியாவில் வீட்டோடு இருந்துவிட்டார். டின் எப்போது போனதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. எட்டுக் கட்டையும் நான்கு வாங்காகிக் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. மான்கள் இன்னும் வந்து உப்பு நக்குகின்றன. கராஜுக்குப் போன அன்றைக்கு நான் அங்கே அரை மணித்தியாலம் நின்றேன். மூன்று பேர் மூன்று வாகனத்துக்குக் கீழே போனார்கள். ஒருவரும் கத்தவில்லை. கத்தினாலும் பதில் சொல்ல நான் இருந்த அறையில் ஒருவரும் இல்லை, அதற்குள் ஏசிப் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

என் பெயரை மட்டும் சொல்லாமல் என் பிழையை இங்கே ஒத்துக்கொண்டுவிட்டேன். வாசிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியாமல் இருக்கலாம், உங்களுக்குத் தெரியும். நாளைக்கு என்னைப் போல ஒருத்தி இரக்கப்பட்டு ஒரு சாவியைக் கொடுப்பாள். பிழை நடக்கும் என்று நீங்களே சொன்னீர்கள். அது நடக்கிற அன்றைக்கு அந்த லொறி எதில் வந்து நிற்கும்? ஏசி அறைக்குள் இருந்து எனக்கு மட்டும் சொல்லக் கூடாது. காலையில் வேலை தொடங்குமுன், எல்லாரும் நிற்கும்போது, கராஜின் நடுவில் நின்று சொல்லுங்கள். இல்லையென்றால் இதே பக்கத்தில் எழுதுங்கள்.

பழைய முறைப்படியே கேட்கிறேன், ராசன் அண்ணை. சுதன் கீழ!

எல்லாருக்கும் கேட்கிற மாதிரிப் பதில் சொல்லுங்கோ.