ஒரு சிரட்டை யங்கோனா

சைருசி நவாகா எங்கள் தீவில் நவுசோரி பாதையில் பஸ் ஓட்டியவன். சிறுவயதில் வந்த தொண்டைக் காய்ச்சல் அவன் இதய வால்வு ஒன்றைச் சுருக்கிவிட்டிருந்தது. நாற்பது வயதில், மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டியது, வேலையும் போயிற்று.

வருடத்துக்கு ஒருமுறை ஆஸ்திரேலியாவிலிருந்து எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரு குழு வரும். தொடை ரத்தக்குழாய் வழியாகக் குழாய் செலுத்தி, பலூனால் வால்வை விரித்துவிடுவார்கள். நோயாளி அசையாதிருக்கத் தூக்க ஊசி போடுவார்கள். சைருசிக்குக் கிடைத்தது கடைசி நாளின் கடைசி இடம். அன்று மாலையே அவர்களுக்கு விமானம்.

காலையில் தாய்மாமன் அபிசாய், லேசான மயக்கம் தரும் யங்கோனா வேர்ப்பொடியோடு வந்தார். உயிரை அடுத்தவர் கையில் கொடுக்கும்முன் அதைக் கரைத்து வைத்து முன்னோரிடம் அனுமதி கேட்பது எங்கள் வழக்கம். வராந்தாவில் சைருசியும் ஒரு சிரட்டை வாங்கிக் குடித்தான்.

பிறகு நர்ஸ் செரேயானா கேட்டாள்: "அண்ணே, ராத்திரிலேருந்து ஏதாச்சும் சாப்பிட்டீங்களா, குடிச்சீங்களா?"

"ஒண்ணுமில்ல சிஸ்டர். வயிறு காலி டிரம்மாட்டம் கிடக்கு."

அவன் பொய் சொல்லவில்லை. மரியாதைக்குக் குடிப்பதை இங்கே யாரும் குடித்ததாக நினைப்பதில்லை.

மேசையில் படுத்ததும் மயக்க டாக்டர் மோர்கன் அவன் பேச்சைக் கவனித்தார்.

"நாக்கு ஏன் குழறுது?"

"மாமா குடுத்த யங்கோனா, டாக்டர். நல்ல சரக்கு."

மோர்கன் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். "அதோட இதுவும் சேர்ந்தா மூச்சே நின்னுடும். தொடைய மட்டும் மரக்கவச்சு செஞ்சு பாக்கலாம். அசையாம இருப்பியா?"

"பள்ளத்துல பஸ் ஓட்டினவன் டாக்டர். இருக்கேன்."

இருந்தான். குழாய் இதயத்துக்குள் போயிற்று. வால்வை எட்ட இதயத்தின் நடுச்சுவரைத் துளைக்க ஊசியை நகர்த்தும்போது இருமல் வந்தது. பல்லைக் கடித்தான், கண்ணீர் காதுக்குள் வழிந்தது. மறுபடி இருமினான். இதற்கு மேல் போனால் இதயம் கிழியும் என்று குழாயை வெளியே எடுத்துவிட்டார்கள். பலூனின் உறையைப் பிரிக்கவே இல்லை.

வெளியே அபிசாய் எழுந்து நின்றார். "முடிஞ்சுதா மருமவனே?"

சைருசி, அவனைத் தள்ளிக்கொண்டு வந்த செரேயானாவைப் பார்த்தான். "மெஷின் ரிப்பேராம் மாமா. அடுத்த வருஷம் வரச் சொல்லிட்டாங்க."

"நல்ல மெஷின் வச்சிருக்காங்க! என் லாரியே தேவல."

அடுத்த குழு வருவதற்குள், மார்ச் மழையில், சைருசி இறந்தான். இழவுக்கு வந்தவர்களிடமெல்லாம் அபிசாய் அந்த மெஷினைத் திட்டிக்கொண்டிருந்தார். பக்கத்துப் பாயில் இருந்த செரேயானா தலை நிமிரவில்லை.