இரவல் நாக்கு

தெருவில் அவருக்கு நாக்குக்காரர் என்று பெயர். வேறு பெயரும் இருந்தது, அடையாள அட்டையில். பால் திரிந்துவிட்டதா, எண்ணெய் சிக்கு வாடை அடிக்கிறதா என்று சந்தேகம் வந்தால் ஆட்கள் கிண்ணமும் கையுமாக அவர் வீட்டுப் படியேறுவார்கள். அவர் ஒரு சொட்டைத் தொட்டு நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். பிறகு தீர்ப்பு.

"நேத்தே போயிருச்சு. இன்னிக்கு வந்து கேக்கறீங்க."

மேல்முறையீடு கிடையாது.

இருபத்திரண்டு வருஷம் ஜாம் ஆலையில் கொப்பரை முன்னால் நின்றவர். ஆலை வேறு ஊருக்குப் போனபோது அவர் போகவில்லை. வீட்டின் முன்னறையை ஐஸ் கடையாக்கினார். நாலு ஸ்டூல், ஒரு மேஜை, கைச்சக்கரம் வைத்த ஐஸ் துருவும் மெஷின். சக்கரம் மனைவியின் வசம். அவள் சுற்றினால் ஐஸ் பஞ்சாக உதிரும்; அவர் சுற்றினால் ஜல்லியாக உதிரும். எனவே அவர் பின்னால் அடுப்படியில் பழப்பாகு காய்ச்சினார். திராட்சை, அன்னாசி, மாதுளை, மாம்பழம், எலுமிச்சை இஞ்சி. ஐந்து சீசா. ஐந்தும் அவர் நாக்கைத் தாண்டித்தான் முன்னறைக்கு வரும்.

கோடை தொடங்கும்போது அவருக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்து நாள் கிடந்தார். ஆறாம் நாள் எழுந்து, அடுப்படிக்குப் போய், பழக்கதோஷத்தில் எலுமிச்சம்பழத்தை நறுக்கி ஒரு துண்டை வாயில் போட்டார். ஈரமாக இருந்தது. அவ்வளவுதான். இன்னொரு துண்டைத் தோலோடு மென்றார். நனைந்த அட்டை. உப்பை அள்ளிப் போட்டார், மணல். மிளகாய்த்தூள் மட்டும் எரிந்தது, அதுவும் பக்கத்து வீட்டில் எரிகிற மாதிரி.

"என்னங்க, வாய் கசக்குதா?" என்று மனைவி முன்னறையிலிருந்து கேட்டாள்.

"லேசா" என்றார். கசந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. காரணம் மச்சினன்.

மனைவியின் தம்பி எசன்ஸ் விற்பவன். பெட்டியைத் திறந்தால் கட்டைவிரல் உயரக் குப்பிகள் இரண்டு வரிசை. ஒரு குடம் சர்க்கரைத் தண்ணீருக்குப் பத்துச் சொட்டு, திராட்சை ரெடி. வீட்டுக்கு வரும்போதெல்லாம் அதே பேச்சு.

"மாமா, ஜனங்க கலரைத்தான் குடிக்கிறாங்க. நீங்க பழத்தைப் போட்டு உருட்டிக்கிட்டு கெடக்கீங்க."

"உன் குப்பியத் தொறந்தா எனக்கு மரச்சாமானுக்குப் பாலிஷ் போடற ஞாபகம் வருது, மாப்ளே."

இந்த இழுபறி பொறுக்காமல் போன வருஷம் மனைவி ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள். "அவரு நாக்கு ஒரே ஒரு தடவை தப்பட்டும்டா. அன்னிக்கு உன் பெட்டிய எடுத்துட்டு உள்ள வா. நானே அடுப்பை அணைக்கறேன்." அவனைத் துரத்துவதற்காகச் சொன்னது. அவனோ சத்தியப் பிரமாணமாக எடுத்துக்கொண்டான். அதிலிருந்து வரும்போதெல்லாம் முதலில் ஒரு கிண்ணம் ஐஸ் கேட்பான். சாப்பிடும்போது குறை கண்டுபிடிக்கிற முகத்தோடு சாப்பிடுவான். இதுவரை கிடைக்கவில்லை.

சர்க்கரையைக் கண்ணால் அளந்துவிடலாம். பாகைத் தட்டில் ஒரு சொட்டு விட்டுச் சாய்த்தால் ஓடுகிற வேகம் சொல்லிவிடும். விரலுக்கிடையில் ஒட்டிப் பிரித்தால் சொல்லிவிடும். சிக்கல் புளிப்பில்தான். ஒவ்வொரு கூடை திராட்சைக்கும் ஒரு குணம். எவ்வளவு எலுமிச்சை பிழியலாம் என்று கூடை சொல்லாது, நாக்குதான் சொல்ல வேண்டும். அதிலும் ஐஸ் மேல் ஊற்றுகிற பாகு தனி ஜாதி. குளிர் ருசியைத் தின்றுவிடும். கரண்டியில் குடிக்கும்போது கண் சுருங்குகிற அளவு புளிப்பு இருந்தால்தான் ஐஸில் சரியாக இருக்கும்.

கண் சுருங்க வேண்டும். யாருடைய கண் என்று விதியில்லை என்பது அவருக்கு மூன்றாம் நாள் உறைத்தது.

எதிரில் சலூன். சலூன்காரர் காலையில் முதல் வாடிக்கை வரும்வரை வாசலில் நின்று கத்தரிக்கோலால் காற்றை வெட்டிக்கொண்டிருப்பார். நாக்குக்காரர் சூடான பாகை ஒரு கரண்டியில் எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டினார்.

"தம்பி, இன்னிக்கு முதல் கரண்டி உங்களுக்கு."

"எனக்கா? எதுக்குண்ணே?"

"எதிரெதிர்ல இருக்கோம். மனசுல தோணிச்சு."

சலூன்காரர் நெகிழ்ந்துபோனார். குடித்தார். "பிரமாதம்" என்றார். நாக்குக்காரர் அந்த வார்த்தையைக் கேட்கவில்லை, வலது கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது அசையவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு பழம் பிழிந்தார். மறுபடி கரண்டி.

"இன்னொண்ணா? போதும்ணே. பிரமாதம்." இந்தத் தடவை வலது கண் ஒரு நொடி சுருங்கி விரிந்தது. நாக்குக்காரர் கரண்டியைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். அன்றைய திராட்சை அவருடைய பழைய திராட்சைக்குச் சற்றும் குறையவில்லை என்று கடைக்கு வந்தவர்கள் சொன்னார்கள்.

நாற்பது நாள் இப்படியே ஓடியது. சலூன்காரரின் வாய் எதைக் கொடுத்தாலும் பிரமாதம் என்றுதான் சொல்லும். அது தொழில் பழக்கம், எத்தனை தலைகளைப் பார்த்துச் சொல்லியிருக்கும். வலது கண் மட்டும் பொய் சொல்லத் தெரியாதது. நாக்குக்காரர் அந்தக் கண்ணை அடுப்புத் தீயைப் பார்ப்பதுபோல் பார்க்கக் கற்றுக்கொண்டார்.

கிண்ணத்தோடு படியேறுகிறவர்களைச் சமாளிப்பதும் பழகிவிட்டது. "நீங்க என்ன நெனைக்கிறீங்க, அதை முதல்ல சொல்லுங்க" என்பார். அவர்கள் சொல்வதையே கண்ணை மூடித் திருப்பிச் சொல்வார். இவ்வளவு துல்லியமாக முன்னெப்போதும் சொன்னதில்லை என்று பேசிக்கொண்டார்கள்.

சலூன்காரருக்கும் மெல்ல மெல்லத் தலைக்கனம் ஏறிற்று. வாடிக்கையாளர் கழுத்தில் துணியைக் கட்டும்போதே சொல்லிவிடுவார்: "நான் ஒரு வாய் பாக்காம அண்ணன் சீசாவுல ஊத்த மாட்டாரு. இன்னிக்கு மாதுளை. கொஞ்சம் இழுவை." தெருவில் தனக்கும் ஒரு நாக்கு இருப்பதாக அவர் நம்பத் தொடங்கினார்.

அப்போது பஸ் டிப்போவிலிருந்து ஆள் வந்தது. மேனேஜர் ஓய்வு பெறுகிறார், பிரிவுபசாரக் கூட்டம், இருநூறு கிண்ணம் ஐஸ், திராட்சை. மச்சினன் காதில் எப்படியோ விழுந்துவிட்டது. பெட்டியோடு வந்து நின்றான்.

"அக்கா, இருநூறு கிண்ணம். மாமாவால முடியாது. ஒரே குப்பி, அரை மணி நேரம்."

"முடியும்" என்றாள் அக்கா. "நீ ஐஸ் பாளம் தூக்க வா. பெட்டி வெளியவே இருக்கட்டும்."

அன்று காலை மூன்று அடுப்பில் மூன்று பாத்திரம். திராட்சையைக் கசக்கி, வடிகட்டி, பாகில் விட்டு, நுரை எடுத்து, மூன்றையும் ஒரே அண்டாவில் சேர்த்தார். தட்டில் சொட்டு சரியாக ஓடியது. கரண்டியை எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டினார்.

சலூன்காரர் சுழல் நாற்காலியில் தானே உட்கார்ந்திருந்தார். வழக்கமில்லாத வழக்கம். சற்று முன்தான் பல் டாக்டரிடம் போய் வலப்பக்கக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டு வந்திருந்தார். ஊசி போட்டதில் வலது கன்னம் கண்வரை மரத்துக் கிடந்தது. சொல்லியிருக்கலாம். ஆனால் இருநூறு கிண்ணம் போகிற நாள்; முதல் கரண்டியை வேறு எவனுக்காவது தூக்கிக் கொடுத்துவிட்டால்? வாயிலிருந்த பஞ்சை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். முகம் கோணினால் தெரிந்துவிடும் என்பதால் கல் மாதிரி வைத்துக்கொண்டார்.

குடித்தார். "பிரமாதம்."

வலது கண் செத்த மீன்.

நாக்குக்காரர் திரும்பி வந்து பத்துப் பழம் பிழிந்தார். மறுபடி போனார். "பிரமாதம்." கண் அசையவில்லை. இந்தக் கூடை எதற்கும் மசியாத கூடை என்று நினைத்துக்கொண்டு பதினைந்து பிழிந்தார். மூன்றாவது கரண்டியில் சலூன்காரரின் இடது பக்கத்துக்கு ஏதோ எட்டியது. "போதும்ணே" என்று முனகினார். மரியாதைக்குச் சொல்கிறார் என்று இவர் எடுத்துக்கொண்டார். இடது கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்ததை இவர் பார்க்கவே இல்லை. இவர் படித்த பாடம் வலது கண். வீட்டிலிருந்த எலுமிச்சை எல்லாம் தீர்ந்துபோனதால்தான் நிறுத்தினார்.

டிப்போ கொட்டகையில் டிரைவர்கள், கண்டக்டர்கள், மெக்கானிக்குகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மேனேஜரை யாருக்கும் பிடிக்காது. முப்பது வருஷம் லீவு கேட்டவனுக்கெல்லாம் இல்லை என்று சொன்ன மனிதர். அவர்கள் கூட்டத்துக்கு வந்ததே ஐஸுக்காக. மேனேஜர் எழுந்து பேச ஆரம்பித்த நேரத்தில் கிண்ணங்கள் கைக்குக் கை போயின.

மனைவி சக்கரம் சுற்றினாள். மச்சினன் பாளம் வைத்தான். நாக்குக்காரர் பாகை ஊற்றினார்.

முதல் வரிசையில் ஒரு டிரைவர் ஒரு வாய் வைத்தார். தோள் இரண்டும் காதைத் தொட்டன. கண்கள் இறுக மூடி, திறந்தபோது நிறைந்திருந்தன. அடுத்தவருக்கும் அப்படியே. கூட்டம் நடக்கும்போது துப்ப முடியாது, விழுங்கினார்கள். நெற்றியில் கை வைத்தார்கள். கைக்குட்டைகள் வெளியே வந்தன. பின்வரிசையில் ஒரு மெக்கானிக் மூக்கை உறிஞ்சிக்கொண்டு குனிந்துவிட்டார்.

மேனேஜர் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கினார். கொட்டகை முழுவதும் கலங்கிய கண்கள். அவர் குரல் உடைந்தது.

"உங்க மனசுல எனக்கு இப்படி ஒரு இடம் இருக்கும்னு நான் நெனைக்கல" என்றார். அப்புறம் பேச முடியாமல் உட்கார்ந்துவிட்டார். யாரோ கை தட்டினார்கள். அவர் கையிலும் ஒரு கிண்ணம் கொடுக்கப்பட்டது. அவரும் அழுதார்.

மச்சினன் ஒரு வாய் எடுத்துப் பார்த்துவிட்டான். முகம் மலர்ந்தது, கோணியபடியே. "அக்கா" என்று ஆரம்பித்தான். அதற்குள் மேனேஜரே எழுந்து வந்து நாக்குக்காரரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "இந்த ருசிய ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்." சுற்றிலும் நாற்பது பேர் பார்த்துக்கொண்டு நிற்கும்போது மச்சினன் என்ன பேசுவான்? வாயை மூடிக்கொண்டான். மூட முடியாத அளவு பல் கூசியது.

மனைவி கரண்டியில் ஒட்டியிருந்த ஒரு சொட்டை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். மெஷினைக் கட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் முன்னறை மேஜையில் ஒரு கிண்ணம் ஐஸ் துருவி, மேலே கருஞ்சிவப்பாக ஊற்றி அவர் முன்னால் வைத்தாள். "களைச்சுப் போயிருக்கீங்க. சாப்பிடுங்க."

அவர் நிதானமாகச் சாப்பிட்டார். கண்ணை மூடினார். "இந்தத் தடவை திராட்சை நல்லா அமைஞ்சிருக்கு. காம்புக்கிட்ட இருக்கற அந்த லேசான துவர்ப்பு வந்திருக்கு பாரு, அது எல்லாருக்கும் பிடிபடாது."

அவள் முந்தானைக்குள்ளிருந்து கட்டைவிரல் உயரக் குப்பி ஒன்றை எடுத்து மேஜை மேல் வைத்தாள். தம்பியின் பெட்டியிலிருந்து எடுத்தது.

அவர் கரண்டியைக் கிண்ணத்துக்குள்ளேயே வைத்தார்.

"எப்பலேர்ந்து?"

"காய்ச்சலுக்கு அப்புறம்."

"நாப்பது நாளு. யார் நாக்கு?"

அவர் எதிர்ப்பக்கம் தலையை ஆட்டினார். சலூன் கதவு பாதி மூடியிருந்தது.

"அந்த ஆளா. தாடிக்கும் கழுத்துக்கும் வித்தியாசம் தெரியாதவரு. அவரு நாக்கை வாங்கி இருநூறு பேருக்கு ஊத்தினீங்க." அவள் குரலை உயர்த்தவில்லை, அதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. "வீட்டுக்குள்ளயே ஒண்ணு சக்கரம் சுத்திக்கிட்டு இருந்துச்சே. அது கண்ணுல படலியா?"

"உனக்குத்தான் எல்லாமே ஒண்ணாச்சே. கல்யாணமான புதுசுல எது செஞ்சு குடுத்தாலும் நல்லாத்தான் இருக்குன்ன. சரி, உனக்கு வாய் அவ்வளவுதான்னு விட்டுட்டேன்."

"வந்த மூணாம் நாளு. நாக்குக்காரர்னு ஊரே சொல்ற ஆளு கரண்டியோட வந்து நிக்கறாரு. புதுப் பொண்ணு வேற என்னங்க சொல்லுவா? அன்னிக்கு நீங்க பண்ணின அன்னாசி ஜாம் கருகிப்போயிருந்துச்சு."

"கருகல."

"அடி பிடிச்சிருந்துச்சு. இருபத்தாறு வருஷமா சொல்லாம வச்சிருக்கேன்."

அவர் வாதாட வாயைத் திறந்தார். சாட்சிக்கு ஒரு நாக்கு இல்லாததால் மூடிக்கொண்டார். பிறகு குப்பியைப் பார்த்து, "அப்ப அடுப்பை அணைச்சுடுவியா?" என்று கேட்டார். கேட்கும்போது குரல் சின்னதாகிவிட்டது.

அவள் குப்பியின் மூடியை இறுக்கித் திருகி ஜன்னல் விளிம்பில் வைத்தாள். "இதை நானும் ஒரு வாய் பாத்தேன். பெயிண்ட் டப்பா. அவன் கேட்டா மாமா நாக்கு முன்னைக்கு இப்ப கூர்மையாயிருச்சு, டிப்போவே அழுதுச்சுன்னு சொல்லிக்கறேன். அவனும் பாத்தான்ல." சிரிப்பை உதட்டுக்குள் மடித்துக்கொண்டாள். "ஆனா இனிமே நான்தான் கரண்டி. சக்கரம் நீங்க."

"நான் சுத்தினா ஜல்லியா வரும்."

"பழகுங்க. தோள் வலிக்கும். எண்ணெய் தேச்சுக்கலாம்."

மறுநாள் காலை அவர் அன்னாசியைத் தோல் சீவி, கண் எடுத்து, துருவிப் பிழிந்து பாகில் விட்டார். சலூன்காரர் வீங்கிய கன்னத்தோடு வாசலில் வந்து நின்று இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் தெருவைத் தாண்டவில்லை.

அடுப்படியில் அவள் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கரண்டியை வாங்கிக்கொண்டாள். ஊதினாள். குடித்தாள். அவர் குனிந்து அவள் கண்ணைப் பார்த்தார். வலது, இடது, புருவம், உதட்டோரம் எல்லாம் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை. இருபத்தாறு வருஷம் பார்த்த முகம், அதில் ஒரு எழுத்தும் படிக்க வரவில்லை.

பாகு கொதித்துக்கொண்டிருந்தது.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"இருங்க" என்று அவள் இன்னொரு கரண்டி எடுத்தாள்.