லாரிப் பழக்கத்தில் கட்டிய கார் செட்டு

எனக்குக் கோவையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். நடந்ததும் முன்னே பின்னே மறந்துபோகிறது. கார் செட்டு மாட்டும் வேலைக்கு வருகிற பிள்ளைகள் படிக்கட்டும் என்று சிலர் கேட்டதால் ஒன்றை மட்டும் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1. எங்கள் கடை

எண்பதுகளில் தருமபுரி சேலம் ரோட்டில் ரஹீம் பாய் கடையில் வேலை பார்த்தேன். ரேடியோ ரிப்பேரும் உண்டு, லாரிக்கு டேப் செட்டு மாட்டுவதும் உண்டு. கை நடுங்காது என்பதால் ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சால்டரிங், ஒயரிங் இரண்டும் என்னிடம். வருகிறவர்களிடம் பேசுவது பாய் பாடு. நான் தலையை நிமிர்த்த மாட்டேன்.

லாரியில் ஒரு வழக்கம். செட்டிலிருந்து ஸ்பீக்கருக்கு ஒரே ஒயர்தான் இழுப்போம். ஸ்பீக்கரின் இன்னொரு காலை வண்டி பாடியிலேயே ஸ்க்ரூ போட்டு முடுக்கிவிடுவோம். "இத்தன இரும்பு சும்மா கெடக்குது, இன்னொரு ஒயரு எதுக்கு" என்பார் பாய். தொப்பூர் மலை ஏறி இறங்கிய லாரிகள் எத்தனையோ அப்படித்தான் பாட்டோடு போயின.

2. சத்தம் வராத செட்டு

ஒரு நாள் காலையில் அரூரில் புளி மண்டி வைத்திருந்தவர் ஒருவர் வந்தார். பெங்களூரில் கை மாறி வாங்கிய வெளிநாட்டுக் கார். அதோடு வந்த ரேடியோவில் சத்தம் போய்விட்டது. மஸ்கட்டுக்கு வேலைக்குப் போன மகன் முதல் சம்பளத்தில் வாங்கி அனுப்பிய கேசட் செட்டை, அட்டைப்பெட்டியோடு மடியில் வைத்திருந்தார்.

"பாத்து செய்யுங்க பாய். பையன் வாயக் கட்டி வயித்தக் கட்டி அனுப்புனது. இதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா எங்க வூட்டுக்காரி என்ன வூட்டுக்குள்ள சேக்க மாட்டா."

"சரோஜா கை பட்டா ஒண்ணும் ஆவாதுங்க" என்றார் பாய். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

பழைய ரேடியோவைக் கழற்றி, அந்த ஒயர்களில் புதுச் செட்டைச் சேர்த்தேன். லைட் எரிந்தது, கேசட் சுற்றியது. சத்தம் மட்டும் இல்லை.

"என்னங்க பாய், ஊமையா இருக்குது?"

"தருமபுரிக்குப் புதுசில்லீங்களா, வெக்கப்படுது" என்று சமாளித்தார் பாய். என் பக்கம் குனிந்து, "என்னம்மா ஆச்சு?" என்றார்.

நான் ஒயரைக் கையால் தடவிக்கொண்டே போனேன். சீட்டுக்கு அடியில் சோற்று டப்பா அளவில் ஒரு தகரப் பெட்டி. ஆம்ப்ளிஃபயர். ரேடியோ கொடுக்கிற சின்னச் சத்தத்தைப் பெரிதாக்கி நாலு ஸ்பீக்கருக்கும் அனுப்புவது அதுதான். லாரியில் நாங்கள் அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை. பழைய ரேடியோவுக்கு மறுபடி கரண்ட் கொடுத்து டெஸ்ட் லேம்ப் பிடித்துப் பார்த்தேன். ரேடியோவைப் போட்டால் மட்டும் கரண்ட் வருகிற ஒயர் ஒன்று பெட்டிக்குப் போனது. அதில் கரண்ட் வந்தால்தான் பெட்டி வேலை செய்யும். புதுச் செட்டிலும், போட்டதும் ஏரியல் கம்பியை மேலே தூக்குவதற்கென்று கரண்ட் வருகிற நீல ஒயர் ஒன்று இருந்தது, அதை இதில் சேர்த்தேன். நாலு ஸ்பீக்கரும் பாடின.

ஆனால் செட்டிலிருந்து சத்தம் வருகிற ஒயர்களில், இடது வலது இரண்டின் மைனஸ் ஒயரையும் லாரிப் பழக்கத்தில் பாடியில் முடுக்கியிருந்தேன்.

3. சூடு

பாட்டோடு ஒரு உறுமலும் கேட்டது. மண்டிக்காரர் அதைக் கவனிக்கவில்லை. "எம்பையன் எம்பையன்தான்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நான் சாமான்களை எடுக்கும்போது கை செட்டில் பட்டது. சுட்டது. வார்னிஷ் கருகுகிற மாதிரி லேசான வாசனை. பாய் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் போய் எப்படிச் சொல்வது என்று நின்றேன். நிற்கும்போதே வண்டி கிளம்பி ரோட்டுக்கு ஏறிவிட்டது.

அதன் பிறகு எப்படி ஓடினேன் என்று எனக்கே தெரியாது. "ஐயா நிறுத்துங்க, செட்ட அணைங்க" என்று கத்திக்கொண்டே போய்க் கண்ணாடியைத் தட்டினேன். சூடு ஆறாத சால்டரிங் அயர்ன் கையிலேயே இருந்தது.

"என்னம்மா, எனக்குச் சூடு போடப் போறியா?" என்றவர், செட்டைத் தொட்டதும் கையை உதறினார். சிரிப்பு போய்விட்டது. "போச்சா?" என்றார்.

"தெரியலீங்க. தப்பு எம்மேலதாங்க. லாரி மாதிரி கட்டிட்டேன்."

கடைக்குத் திருப்பி வந்து, ஆறவிட்டு, மீட்டர் வைத்தோம். அந்தச் செட்டில் மைனஸ் ஒயரிலும் கரண்ட் இருந்தது. அது பாடியைத் தொடவே கூடாது. பெட்டிக்கோ பாடி எர்த்து வேண்டும், அதன் மைனஸ் பாடியோடு சேர்ந்தேதான் இருக்கும். இரண்டையும் எப்படிச் சேர்ப்பது என்று பாய் தாடியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து போய், செத்துப்போன டிரான்சிஸ்டர் ரேடியோக்களிலிருந்து இரண்டு அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கழற்றி வந்தார். இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. உள்ளே இரண்டு கம்பிச் சுருள் இருக்கும், சுற்று அதிகமான பக்கத்தைச் செட்டுக்கும், குறைந்த பக்கத்தைப் பெட்டிக்கும் கொடுத்தோம். நடுவில் கம்பி தொடாது, பாட்டு மட்டும் தாண்டும். சத்தமும் பெட்டி தாங்கும் அளவுக்குக் குறைந்துவிடும்.

போட்டோம். வலது பக்கம் வந்தது. இடது பக்கம் வரவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. சத்தத்தை இடது வலது என்று தள்ளுகிற பேலன்ஸ் குமிழ் வலது ஓரத்தில் இருந்தது, பாய் அதை நடுவுக்குத் திருப்பினார். வந்தது. உறுமலே இல்லை.

"பையனுக்கு இதெல்லாம் எழுத மாட்டேன். நல்லா பாடுதுன்னு மட்டும் எழுதறேன்" என்று சொல்லிவிட்டு மண்டிக்காரர் போனார்.

பாய் என்னைப் பார்த்து, "எட்டு வருசமா இந்தக் கடையில இருக்கற. உனக்குக் கொரலு இருக்குதுன்னு இன்னிக்குத்தான் தெரியும்" என்றார். "தப்பாக் கட்டுனதுக்கு ஒண்ணும் சொல்ல மாட்டேன், நானா இருந்தாலும் அப்படித்தான் கட்டியிருப்பேன். சுட்டதும் சொல்லாம நின்ன பாரு, அதுதாம்மா தப்பு."

நான் கற்றது இவ்வளவுதான். மீட்டர் வைக்காமல் மைனஸைப் பாடியில் முடுக்காதீர்கள். கை சுட்டால், யார் டீ குடித்துக்கொண்டிருந்தாலும் சொல்லிவிடுங்கள்.

நீல ஒயர் என்று எழுதியிருக்கிறேன், நிறம் எனக்கு உறுதியில்லை. டிரான்ஸ்ஃபார்மரின் எந்தப் பக்கம் எதற்கு என்பதையும் யோசித்து யோசித்துத்தான் எழுதினேன். தெரிந்தவர்கள் யாராவது பார்த்து, தப்பாக இருந்தால் அடித்து எழுதிவிடுங்கள். என் எழுத்தை நம்பி யாரும் ஒரு செட்டைப் புகையவிடக் கூடாது.