காருக்குப் பின்னால் ஆடிய சைக்கிள்

போன வருஷம், மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருவண்ணாமலையிலிருந்து கீழ்பென்னாத்தூர் போகிற ரோட்டில் நடந்தது. வீட்டில் நாங்கள் இதைப் பற்றிப் பேசுவதில்லை. யாரிடமாவது சொல்லித் தொலைத்தால்தான் நெஞ்சு கொஞ்சம் ஆறும் போலிருக்கிறது.

எங்களுக்கு ஒரே பெண். பன்னிரண்டு வயது. ஆட்டிசம் என்று சின்ன வயதிலேயே சொல்லிவிட்டார்கள். பேச்சு வரவில்லை. வேண்டியதைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டுவாள், இல்லாவிட்டால் கத்துவாள். அவளுக்கு உயிர் எதில் என்றால் அவளுடைய நீலக் கலர் சைக்கிளில். விழாமல் இருக்கப் பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் சின்னச் சக்கரம் மாட்டியது.

எங்கள் வீடு திருவண்ணாமலையை ஒட்டி, வேங்கிக்காலில். பஸ்ஸும் ஆட்டோவும் பறக்கிற ரோட்டில் அவளை எப்படி விடுவது? பௌர்ணமி வந்தால் கேட்கவே வேண்டாம், கிரிவலக் கூட்டத்தில் தெருமுனைகூடத் தாண்ட முடியாது. கீழ்பென்னாத்தூரில் என் அண்ணனுக்கு அரிசி மில் இருக்கிறது. நெல் காயப்போடுகிற பெரிய சிமெண்ட் களம் ஞாயிற்றுக்கிழமைகளில் காலியாகக் கிடக்கும். அதில் வட்டம் போட ஆரம்பித்தாள் என்றால் அவள் முகமே வேறு. வாய்விட்டுச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கத்தான் மற்ற நாளையெல்லாம் நான் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

சைக்கிளை மில்லிலேயே விட்டுவிட்டு வரலாமே என்று எல்லாரும் புத்தி சொன்னார்கள். விட்டும் பார்த்தோம். வீட்டில் அது நிற்கிற இடத்தைக் காட்டிக் காட்டி அழுதாளே தவிர, சோற்றைத் தொடவில்லை. எங்கள் சின்னக் காருக்குள் சைக்கிள் நுழையாது. அதனால் வெல்டிங் கடையில் சொல்லி, காருக்குப் பின்னால் ஒரு ஸ்டாண்ட் போட்டோம். காரின் அடியில் ஒரு சதுரப் பைப். ஸ்டாண்டின் பைப் அதற்குள் நுழையும். குறுக்கே விரல் தடிமனில் ஒரு ஆணி, அது கழன்று வராமல் முனையில் ஒரு கிளிப். அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் ஒரு பைப்புக்கும் இன்னொரு பைப்புக்கும் நடுவில் இடைவெளி. கார் கிளம்பினால் கடகடவென்று ஆரம்பித்துவிடும். வேகத்தடை ஏறினால் ஸ்டாண்ட் மொத்தமும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடும். முதல் நாளே பெண் பின் சீட்டில் மண்டி போட்டுத் திரும்பிக்கொண்டு கத்த ஆரம்பித்தாள். மில் போய்ச் சேரும்வரைக்கும் கத்தல். திரும்பி வரும்போதும் அதே. தன் கையையே கடித்துக்கொள்வாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பிடித்துக்கொண்டு வருவேன். என் கையிலும் பல் தடம்.

இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குச் சில சத்தம் ஆகாது என்று எங்கேயோ கேட்டிருந்தோம். அதை வைத்து நாங்களே முடிவு கட்டிவிட்டோம், கடகட சத்தம்தான் அவளுக்குப் பிடிக்கவில்லை என்று. அப்புறம் என்ன, சத்தத்தை நிறுத்துகிற வேலைதான். இடைவெளியில் பழைய டியூபை வெட்டித் திணித்தோம். என் வீட்டுக்காரருடைய பழைய பனியன் எல்லாம் காரின் அடியில் போயிற்று. பெண்ணுக்குக் காதை மூடுகிற ஹெட்போன் வாங்கி மாட்டினோம், பிடுங்கி எறிந்துவிட்டுக் கத்தினாள். ரப்பர் வைத்ததும் சத்தம் பாதியாகக் குறைந்தது. ஆட்டம் குறையவில்லை. ஆடினால் ஆடட்டும், சத்தம் போனால் போதும் என்று நான்தான் சொன்னேன். அவளோ முன்னைவிட ஜாஸ்தியாகக் கத்தினாள். அவள் அழுவதைப் பார்க்க முடியாமல் இவர் காருக்குள் இருக்கிற கண்ணாடியை மேலே திருப்பிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் இவர் ஆணியிலேயே ரப்பரைச் சுற்றித் தட்டி இறக்கினார். ரப்பரின் தடிமனுக்குக் கிளிப் நுழையவில்லை. கட்டுக்கம்பியால் முறுக்கிவிட்டார். தாங்குமா என்று கேட்டேன். தாங்கும் என்றார்.

பாதி வழியில் ஒரு வேகத்தடை. பின்னால் டமால் என்று கேட்டது. அது எப்போதும் கேட்கிறதுதானே என்று விட்டுவிட்டோம். பெண் அன்றைக்குக் கத்தின மாதிரி என்றைக்கும் கத்தியதில்லை. இரண்டு கையாலும் பின் கண்ணாடியைப் படார் படாரென்று அடித்தாள். கண்ணாடி உடைந்து கையைக் கிழித்துக்கொள்ளப் போகிறாளே என்று இழுத்து, அவள் கை இரண்டையும் என் மடியில் அழுத்திப் பிடித்தேன். வாயைப் பொத்தினேன். திமிறினாள். கொஞ்ச நேரத்தில் உடம்பு தளர்ந்து என் மடியிலேயே சாய்ந்துவிட்டாள். சத்தமில்லாமல் கண்ணீர் மட்டும் வந்துகொண்டிருந்தது.

கார் அமைதியாகிவிட்டது. நான் சொன்னேன், "ஏங்க, சத்தமும் நின்னுடுச்சி, இவளும் அடங்கிட்டா. ரப்பர் வேலை செய்யுதுங்க."

இவர் பல மாதத்துக்கு அப்புறம் காரில் ரேடியோ போட்டார். பாவி, நானும் கூடவே முணுமுணுத்தேன்.

அப்போதுதான் பின்னாலிருந்து விடாமல் ஹாரன். ஸ்கூட்டரில் பிரெட் பெட்டி கட்டிக்கொண்டு போகிற ஒருவர் எங்களைத் தாண்டி வந்து குறுக்கே நிறுத்தினார். மூச்சு வாங்கியது. ஸ்டாண்டும் சைக்கிளும் வேகத்தடையிலேயே கழன்று விழுந்துவிட்டதையும், தான் ஒடித்துத் திருப்பியதால் தப்பியதையும், பின்னால் வந்த லாரி சைக்கிள் மேல் ஏறிவிட்டதையும் சொன்னார். அவருக்கு ஒன்று ஆகியிருந்தால் என்ன செய்திருப்போம்? இவர் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. என் மடியில் கிடந்த பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், பாப்பா கண்ணாடிய தட்டிக்கினே இருந்துச்சே. நான் பின்னாலயேதான் வந்துனு இருந்தேன். அது சொல்லிச்சே சார்."

திட்டவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

அவரும் கூடவே திரும்பி வந்து, வண்டிகளை நிறுத்தி, கிடந்ததை எல்லாம் ஓரத்துக்கு இழுத்துப்போட உதவினார். முன்சக்கரம் அப்பளமாகிக் கிடந்தது. பெண் இறங்கி வந்தாள். கத்தப்போகிறாள் என்று பயந்தேன். கத்தவில்லை. பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, உடையாமல் இருந்த சின்னச் சக்கரத்தை விரலால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். பிறகு யாரும் கூப்பிடாமலே போய்க் காரில் உட்கார்ந்துகொண்டாள்.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. திருவிழாவில் மேளத்துக்குப் பக்கத்தில் நின்று தலையாட்டுகிறவள் இவள். குக்கர் விசில், பட்டாசு, பஸ் ஹாரன், எதற்கும் அசைந்ததில்லை. இரும்பு போடுகிற சத்தம் அவளை என்ன செய்துவிடும்? அவள் சத்தத்துக்காகக் கத்தவே இல்லை. தன் சைக்கிள் ஆடுகிறது, விழப்போகிறது, நிறுத்துங்கள் என்று முதல் நாளிலிருந்து தெளிவாகச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறாள். ரோட்டில் போன முன்பின் தெரியாதவருக்குப் புரிந்தது. பெற்ற எனக்குப் புரியவில்லை. புரியாதது போகட்டும், சொன்ன வாயையும் பொத்தினேன்.

அப்புறம் வெல்டிங் கடையில் கொண்டுபோய்க் காட்டினோம். வெளிப் பைப்பில் ஓட்டை போட்டு, நட்டு வைத்து, உள் பைப்பை அழுத்திப் பிடிக்கிற மாதிரி ஒரு போல்ட்டை முறுக்கினார்கள். ஒரு டீ குடிக்கிற நேரத்து வேலை. இப்போது பிடித்து உலுக்கினால் காரே ஆடும், ஸ்டாண்ட் ஆடாது. அதே நீலத்தில் புது சைக்கிள் வாங்கி அதில் மாட்டிக்கொண்டு ஞாயிறுதோறும் மில்லுக்குப் போகிறோம். களத்தில் இறக்கி வைக்கிறோம். அவள் தொடுவதில்லை. சுவரோரமாக உட்கார்ந்திருக்கிறாள். காரிலும் நேராகப் பார்த்தபடி வருகிறாள், பின்னால் திரும்புவதே இல்லை. சொந்தக்காரர்கள், பெண்ணுக்கு இப்போது எவ்வளவோ பரவாயில்லை, முன்னே மாதிரி கத்துவதில்லை, நல்ல முன்னேற்றம் என்கிறார்கள். நானும் ஆமாம் என்று தலையாட்டி வைக்கிறேன்.

இனி ஒரு தரம் அவள் கத்தினால் போதும், என்ன ஏது என்று கேட்பதற்கு முன்னால் வண்டியை நிறுத்திவிடவேண்டும் என்று ஞாயிறுதோறும் அவள் பக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். சொல்லிச் சொல்லிப் பார்த்து, இவர்களிடம் சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை என்று அவள்தான் விட்டுவிட்டாள்.