கப்பல்துறைக்குப் போன குளிசைகள்

குளிசை எண்ணிக் கொடுப்பது ஐந்து நிமிட வேலை. கொடுத்த குளிசை வீட்டுக்குப் போய் என்ன பாடு படுகிறது என்று கண்டுபிடிக்கத்தான் ஆயுள் போதாது. மருந்துக்கடைக் கவுண்டருக்குப் பின்னால் நின்று நின்று கால் வீங்கிப்போன தோழர் தோழியரே, உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்குத்தான் சொல்கிறேன். சண்டை நடந்த வருடங்களில் திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்து வீதியில் ஒரு மருந்துக்கடையில் ஒன்பது வருடம் வேலை செய்தேன். சனம் மருந்தை ஒழுங்காகப் பாவிக்க உதவுவது மருந்தாளரின் கடமை என்று படிக்கும்போது சொல்லித் தந்தார்கள். ஆமி மறித்துச் சோதிக்கிற சென்றியைப் பற்றியும் ஊரடங்கைப் பற்றியும் பாடத்தில் ஒரு வரி இல்லை. பாடம் எழுதியவர் கொடுத்து வைத்தவர்.

இரவுச் சாப்பாடு

லிங்கநகரில் இருந்து ஓய்வுபெற்ற கிளாக்கர் ஐயா ஒருவர் வருவார். சீனி வருத்தம், நீரிழிவு. மத்தியானச் சாப்பாட்டோடு ஒரு குளிசை, இரவுச் சாப்பாட்டோடு ஒன்று என்று உறையில் முத்து முத்தாக எழுதிக் கொடுத்தேன். இரண்டு கிழமையால் வந்து, பின்னேரமானால் தலைச்சுற்று, வேர்வை, கைநடுக்கம் என்றார். குளிசையை விட்டு விட்டுப் போடுகிறீர்களோ என்று கேட்டதற்கு அவருக்கு ரோசம் வந்துவிட்டது. நாற்பது வருடம் கந்தோரில் எழுதியதை எழுதியபடி செய்த மனுசன்.

மணிக்கணக்குக் கேட்டேன். மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றுவிட்டு வந்து உலை வைத்தால் மத்தியானச் சாப்பாடு இரண்டரைக்கு. இரவுச் சாப்பாடு ஐந்துக்கு. இரண்டரை மணித்தியாலத்துக்குள் இரண்டு குளிசை உள்ளே போயிருக்கிறது. தலை சுற்றாமல் வேறென்ன செய்யும்? ஐந்து மணிக்கு என்ன இரவுச் சாப்பாடு ஐயா என்று கத்திவிட்டேன். அவர் எனக்காகப் பரிதாபப்பட்டது முகத்தில் தெரிந்தது.

“இருட்டினாப் பிறகு விளக்குக் கொளுத்தினால் ரோந்து வாறவங்கள் வந்து கேள்வி கேக்கிறாங்கள், மிஸ். ரெண்டு வருசமா நாங்கள் இரவுச் சாப்பாட்டைப் பகலிலதான் சாப்பிடுறம்.”

சூரியனும் நிலாவும்

அன்றோடு சாப்பாட்டை நம்புவதை விட்டேன். உறையில் படம் கீறத் தொடங்கினேன். விடியலுக்குக் கடலுக்கு மேல் அரைச் சூரியன், மத்தியானத்துக்கு உச்சியில் முழுச் சூரியன், இரவுக்கு நிலா. எழுத்துத் தெரியாதவருக்கும் விளங்கும், ஊரடங்கு மாறினாலும் சூரியன் மாறாது. என்னைப்போல ஒரு கெட்டிக்காரி துறைமுகத்தில் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கனகம்மா அக்கா கப்பல்துறையில் இருந்து கிழமைக்கொரு தரம் வருவா. கணவன் தருமலிங்கத்துக்கு வலிப்பு. மூன்று வேளையும் குளிசை போட்டாக வேண்டும். கண்டி வீதிச் சென்றியில் ஒரு கிழமைக் குளிசைக்கு மேல் கொண்டுபோக விடமாட்டார்கள். மேலதிகமாக ஒன்று இருந்தாலும் அது காட்டில் இருக்கிற இயக்கப் பெடியளுக்குப் போகிற மருந்தாம். அக்காவிடம் என் சித்திர உறையைக் கொடுத்து அனுப்பினேன். அடுத்த கிழமை வந்து அதை மேசையில் வைத்துவிட்டு, வெறும் உறை தரச் சொல்லிக் கேட்டா.

“சென்றியில இந்தப் படத்தைப் பாத்திட்டு, எந்த நேரத்தில என்ன நடக்கப் போகுதெண்டு கேட்டு ஒரு மணித்தியாலம் இருத்தி வைச்சவங்கள், மிஸ். விடிய ஒண்டு, மத்தியானம் ஒண்டு, இரவைக்கு ஒண்டு எண்டு உள்ளதைச் சொன்னன். அதுக்குப் பிறகுதான் கூடப் பயந்தவங்கள்.”

மத்தியானக் குளிசை

படம் போனாலும் விசாரணை போகவில்லை. மூன்று வேளையும் ஒழுங்காகப் போடுகிறாரோ என்று அக்காவைத் துருவினேன். மத்தியானக் குளிசை நெடுகவும் மிஞ்சுகிறது என்று ஒருவழியாக வாயில் வந்தது. தருமலிங்கம் சீனன்குடா எண்ணெய்த் தாங்கிப் பக்கம் நாள்கூலி. விடியக் கேற்றில் பொக்கற்றைத் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். குளிசை அகப்பட்டால் என்ன வருத்தம் என்று கேட்பார்கள், வலிப்பு என்று தெரிந்தால் அன்றோடு வேலை சரி. ஆகவே மத்தியானக் குளிசையை அவர் வீட்டிலேயே விட்டுப் போவார்.

வேலை போவது ஒரு பயம். கேற்றடி வரிசையில் எல்லாரும் கையைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்க, ஒருவர் மட்டும் விழுந்து கைகால் உதறினால் துவக்கோடு நிற்பவன் வருத்தம் விசாரிக்கமாட்டான் என்பது பெரிய பயம். கிளினிக் டொக்டருக்கு நடந்ததை எல்லாம் ஒரு துண்டில் எழுதி, ஒரே வேளையாக மாற்றலாமோ என்று கேட்டு அக்காவிடமே கொடுத்துவிட்டேன். டொக்டர் நல்ல மனுசன், இரவில் மட்டும் மூன்றையும் சேர்த்துப் போடும்படி மாற்றித் தந்தார். அந்தக் கிழமை தருமலிங்கமே கடைக்கு வந்தார். மெலிந்த உயரமான ஆள், சிரிக்காமல் பகிடி விடுவார்.

“ஒரு வேளை எண்டால் பெரிய உதவி, மிஸ். இனி மறக்கிறதெண்டாலும் நாளுக்கு ஒருக்காத்தான் மறக்கலாம்.”

முன்மாதிரி நோயாளி

பிறகு பாதை பூட்டிவிட்டார்கள். கொழும்பு லொறி மூன்று கிழமையாக வரவில்லை. எங்கள் தட்டுகளில் இருந்தது சளி எண்ணெயும் குழந்தைகளுக்குப் பூசும் பவுடரும்தான். பிரஷருக்கு மருந்து கேட்டு வருபவர்களை நான் கையைப் பிசைந்து அனுப்ப, என்னோடு நின்ற மூத்தவர் இராசநாயகம் அண்ணை, “மருந்து இருக்கு, கொழும்பில இருக்கு” என்று சொல்லி அவர்களுடைய பிரஷரை இன்னும் ஏற்றி அனுப்புவார்.

வலிப்புக் குளிசையும் முடிந்தது. கனகம்மா அக்காவிடம் இதை எப்படிச் சொல்லுவேன் என்று இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அக்கா வந்தா. முகத்தில் ஒரு கவலையும் இல்லை. இருந்ததைக் கவனமாக வைத்திருக்கிறாவாம். நான் புல்லரித்துப் போனேன். வருகிற போகிற ஆட்களுக்கெல்லாம் அவவைக் காட்டி, இப்படியல்லவோ மருந்து பாவிக்க வேண்டும் என்று பிரசங்கம் வைத்தேன். எப்படி மிஞ்சியது என்று கேட்க, துறைமுகத்துக் கெட்டிக்காரியான எனக்குத் தோன்றவில்லை.

“எங்களிட்ட இருக்கு, மிஸ். நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ.”

திறப்புக் கோர்வை

பத்து நாள் கழித்து, சீனன்குடாக் கேற்றடி வரிசையில் தருமலிங்கம் விழுந்தார். கையைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றவர் அப்படியே சரிந்து உதறத் தொடங்கியிருக்கிறார். ஒரு ஆமிக்காரன் துவக்கை நீட்டிவிட்டான். வரிசையில் நின்றவர்கள் “வலிப்பு, வலிப்பு” என்று தமிழில் கத்தினார்கள், சிங்களம் மட்டும் தெரிந்த அவனுக்கு என்ன விளங்கும்? நல்ல காலம், இன்னொருவன் ஓடி வந்து துவக்கைத் தட்டிவிட்டான். அவனுடைய தம்பிக்கும் அதே வருத்தமாம். கையில் இரும்பு கொடுத்தால் வலிப்பு நிற்கும் என்று நம்புகிற சனம் அவர்களிலும் உண்டு போல. இடுப்பில் கிடந்த கேற்றுத் திறப்புக் கோர்வையை, சாவிக்கொத்தைத்தான், கழற்றித் தருமலிங்கத்தின் கையில் திணித்துவிட்டு, நிற்கும்வரை பக்கத்திலேயே குந்தியிருந்திருக்கிறான். பாஸ் இல்லாமல் எட்டிப் பார்க்கவும் ஏலாத இடத்தின் திறப்பெல்லாம் ஐந்து நிமிடம் எங்கள் ஆளின் கையில் இருந்தது. இரும்பால் வலிப்பு நிற்காது, ஆளைச் சரித்துக் கிடத்திவிட்டுப் பொறுத்திருக்க வேண்டும் என்று சொல்வது என் கடமை. சொல்லிவிட்டேன். ஆனால் அந்த ஆமிக்காரன் கையெடுத்துக் கும்பிடக்கூடியவன்.

இரண்டு நாளால் புருசனும் பெண்சாதியும் கடைக்கு வந்தார்கள். அவர் நெற்றியில் தையல். அப்போதுதான் எல்லாம் வெளியே வந்தது. லொறி நின்றால் என்ன செய்வது என்று பயந்து, டொக்டர் மாற்றித் தந்த நாளில் இருந்தே அக்கா ஒவ்வொரு குளிசையையும் பாக்குவெட்டியால் பாதியாக்கி, ஒரு பாதியைக் கொடுத்து மறு பாதியை மாப் போடுகிற தகரப் பேணியில் போட்டு வந்திருக்கிறா. அரிசி, மா, மண்ணெண்ணெய் எல்லாம் அப்படித்தானே சேர்க்கிறோம், குளிசைக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்? எனக்குத் தலைக்கு மேல் ஏறியது. அரைக் குளிசை அரை வலிப்பை நிறுத்தாது என்று அவவை அழ வைத்துவிட்டேன். பகிடிக்காரன் பகிடி இல்லாமல் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“ஒழுங்காப் போடு, ஒழுங்காப் போடு எண்டு ஒவ்வொரு கிழமையும் சொன்னனீங்கள், மிஸ். ஒழுங்காத் தருவன் எண்டு ஒருக்காலும் சொல்லேல்லையே.”

பெயர் ஒட்டிய போத்தல்

எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த மனுசன் சுடுபட்டுச் செத்திருந்தால் முன்மாதிரி நோயாளி என்று பிரசங்கம் வைத்த வாயை எங்கே கொண்டுபோய் வைத்திருப்பேன்?

லொறி வந்த அன்றே முதலாளியோடு மல்லுக்கட்டி, ஒரு மாதக் குளிசையை மண்ணிறப் போத்தலில் போட்டு, ‘தருமலிங்கம், கப்பல்துறை’ என்று எழுதி ஒட்டி, கண்ணாடி அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். யார் வந்து காலில் விழுந்தாலும் அது அவருக்குத்தான். பழசை முதலில் கொடுத்துப் புதுசை நிரப்பிக்கொண்டே வந்தேன். கிளினிக் டொக்டரிடம் கேட்டு வாங்கிக் கொடுத்த கடிதத்தைப் பார்த்துச் சென்றியில் இரண்டு கிழமைக்குக் கொண்டுபோக விட்டார்கள். தருமலிங்கத்துக்குத் தாங்கிப் பக்கம் வேலை போனது போனதுதான், ஆனால் கேற்றடியில் புல் வெட்ட விட்டார்கள். அதற்குப் பிறகு அவர் விழவில்லை. கனகம்மா அக்கா வரும்போது என்னைப் பார்ப்பதில்லை, நேரே அலுமாரியைத்தான் பார்ப்பா.

“முழுக் குளிசைதான் குடுக்கிறன், மிஸ். அந்தப் போத்தலை ஒருக்காத் தூக்கிக் காட்டுங்கோ, பாத்திட்டுப் போறன்.”

வருடக்கணக்காகத் தொண்டை வறளப் புத்தி சொல்லியும் நடக்காத காரியம், நான் வாயை மூடிக்கொண்டு ஒரு போத்தலைத் தூக்கிக் காட்டிய பிறகு நடந்ததால், மருந்தாளர் தொழிலில் கல்வியைவிடக் கைப்பலம்தான் முக்கியம் என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன்.