மிக்கேலின் இடது காது

என் வகுப்பு மாணவன் ஒருவனைச் செவிப்பறை கிழிய அறைந்தேன். கிழிந்த அந்தக் காதோடு அவன் கடலில் மூழ்கிச் செத்தான். ஊர் அதை விபத்து என்றது. நானும் அப்படியே சொல்லிவந்தேன்... இத்தனை ஆண்டுகளாக!

இதைப் படிக்கும் நீங்கள் என்னை வெறுக்கலாம். முழுவதையும் கேட்டுவிட்டு வெறுங்கள்.

அது யுத்த காலம். தூத்துக்குடியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியனாக இருந்தேன். சர்க்கார் பரீட்சைக்குப் போகும் கடைசி வகுப்பான ஆறாவது பாரம் என் பொறுப்பு.

ஒரே நாளில் தலைவிதியை எழுதிவிடும் பரீட்சையை நான் மனதார வெறுத்தவன். மாணவனாக இருந்தபோது காய்ச்சலோடு எழுதித் தோற்றேன். ஓராண்டு உழைப்பை ஒரு காலைப்பொழுது தின்றுவிட்டது. ஆகவே தலைமையாசிரியரிடம் வாதாடிப் புதிய முறை ஒன்றைக் கொண்டுவந்தேன். வாரந்தோறும் சோதனை, வீட்டுக்கணக்கு, வகுப்பில் சொல்லும் பதில், எல்லாவற்றுக்கும் மதிப்பெண். ஆண்டு முழுவதும் சேர்ந்த மதிப்பெண் போதாதவனைச் சர்க்கார் பரீட்சைக்கு அனுப்புவதில்லை.

நல்ல எண்ணம்தான்... நல்ல எண்ணமா? மதிப்பெண் போடும் கை என்னுடையது. பிரம்பு பிடிக்கும் கையும் என்னுடையதே! ஆண்டுக்கு இருமுறை நடுங்கிய பிள்ளைகள் வாரந்தோறும் நடுங்கினார்கள். அந்த நடுக்கத்தை நான் ஒழுக்கம் என்று எண்ணினேன்.

மிக்கேல், கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கும் சூசையின் மூத்த மகன். குளிப்புக் காலம் வந்தால் தோணியில் தகப்பனுக்குக் கயிறு பிடிக்கப் போய்விடுவான். வாரச் சோதனைகள் பலவற்றுக்கு வரமாட்டான். பூச்சியம் போடுவேன்; திரும்பி வந்த அன்று அடிப்பேன். கையை நீட்டிக்கொண்டு நிற்பான். அழமாட்டான். அது என்னை எரித்தது.

அரையாண்டுப் பரீட்சையில் கணக்குத் தாள்களைத் திருத்தியவர் தலைமையாசிரியர். மிக்கேல் வகுப்பிலேயே முதலாவதாக வந்தான். என் கணக்கிலோ அவன் தேறாதவன்! ஆசிரியர் அறையில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைச் சுமந்துகொண்டு வகுப்புக்குள் நுழைந்தேன்.

வாரச் சோதனைத் தாள்களை எடுத்துவரச் சொன்னேன். மிக்கேல் எழுந்து நின்று, தாழ்ந்த குரலில் கேட்டான்.

"சார், என் பேப்பர மட்டும் வேற யாராவது திருத்தலாமா? என்னயத் தெரியாத ஆளு."

அதில் என்ன குற்றம்? முகமறியாத ஒருவரின் நீதியை வேண்டினான், அவ்வளவே. இன்று புரிகிறது... அன்று அறைந்தேன்.

கன்னத்தை நோக்கி வீசிய கை இடது காதில் விழுந்தது. நிறுத்தினேனா? இல்லை. மறுபடியும் அதே இடத்தில்... மறுபடியும்... பெஞ்சுக்கும் சுவருக்கும் நடுவே சரிந்தான். தலைமயிரைப் பற்றித் தூக்கி நிறுத்தி அறைந்தேன். காதிலிருந்து ரத்தம் கழுத்து வழியே சட்டைக்குள் இறங்கியது.

என் உள்ளங்கைக்கு அது இனித்தது. இதை மறைத்தால் இந்த ஒப்புதலும் பொய்யாகிவிடும்.

தோணியில் வழுக்கி விழுந்ததாக வீட்டில் சொன்னானாம். ஆண்டு முடிவில் அவனைப் பரீட்சைக்கு அனுப்பாமல் நிறுத்தினேன். அரையாண்டில் முதலாவதாக வந்தவனாயிற்றே என்று தலைமையாசிரியர் தயங்கினார். விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்றேன். அவர் கையெழுத்திட்டார்.

மற்றவர்கள் பரீட்சை எழுதிக்கொண்டிருந்த பங்குனியில் மிக்கேல் தானே சங்கு குளிக்க இறங்கினான். ஒருநாள் மூழ்கியவன் ஏறி வரவில்லை.

உடலைக் கரைக்குக் கொண்டுவந்தபோது நானும் கூட்டத்தில் நின்றேன். முகம் பாறையில் உராய்ந்து கிழிந்திருந்தது. கைவிரல் நகங்கள் பிய்ந்திருந்தன. காதில் ஓட்டை விழுந்தவனுக்கு உள்ளே நீர் புகுந்தால் தலை சுற்றும், மேல் எது கீழ் எது என்று தெரியாது என்று குளியாட்கள் பேசிக்கொண்டார்கள். மேலே வருவதாக எண்ணிக் கடலடியைப் பிறாண்டியிருக்கிறான்... கடலடியை!

அப்போதாவது வாய் திறந்தேனா? அவனோடு படித்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். ஒருவரும் பேசவில்லை. அவர்கள் நெஞ்சில் நான் அடித்தடித்து ஏற்றிய பயம் என்னைக் காப்பாற்றியது.

பள்ளி திறந்ததும் சூசை வந்தார், இளைய மகனைக் கையில் பிடித்துக்கொண்டு.

"மூத்தவன் படிப்புல கோட்டை விட்டுட்டான், ஐயா. ஒழுங்காப் படிச்சிருந்தா நீங்க பரீட்சைக்கு அனுப்பிருப்பிய. அவன் கடல்ல எறங்கிருக்க மாட்டான்" என்றார். பிறகு பையனை என் முன்னால் தள்ளினார். "இவன அப்படி விட்டுராதிய. கண்ணு ரெண்டயும் விட்டுட்டுத் தோல உரிச்சாலும் நான் ஏன்னு கேக்க மாட்டேன்."

சொல்லியிருக்கலாம். உம்முடைய மகன் நன்றாகப் படித்தான் என்றாவது சொல்லியிருக்கலாம்! சேர்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அதன்பின் நான் திருந்தினேன் என்று நினைக்கிறீர்களா? ஆவணியில் ஒருநாள் அந்தப் பையன் வாரச் சோதனையில் தவறினான். கையை ஓங்கினேன். கை தானாக எழவில்லை, நான்தான் எழுப்பினேன். அடி விழும் முன்பே அவன் இரு காதுகளையும் இறுகப் பொத்திக்கொண்டான்.

அவனுக்குத் தெரிந்திருக்கிறது... அண்ணன் சொல்லியிருக்கிறான்!

தெரிந்தும் அடித்தேன். காதை விட்டு, முதுகில்.

அவன் தகப்பனிடம் கடைசிவரை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சூசை போய்ச் சேர்ந்துவிட்டார். தன் பிள்ளைகளுக்காகப் பாடுபட்ட வாத்தியார் என்று கரையெல்லாம் என்னைப் புகழ்ந்துகொண்டிருந்தாராம்.